சர்வர் க்ராஷ் ஆனா 'போஸ்ட்மார்ட்டம்' எப்படி நடக்கும்? குழப்பும் மெமரி 'ஓட்டைகள்'!

2024 ஜூலை 19. விமான நிலையம், மருத்துவமனை, வங்கி எனப் பல நாடுகளில் கம்ப்யூட்டர் திரைகள் திடீரென நீல நிறத்துக்கு மாறின. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்தான் காரணம். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். 20 மதிப்புகள் மட்டுமே இருந்த இடத்தில் 21-வதைப் படிக்கப் போனதுதான் பிழை.

இந்த மாதிரி பிழைகளைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் 'க்ராஷ் டம்ப்'.

அது என்ன க்ராஷ் டம்ப்?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி கெர்னல். அது விழுந்தால் மொத்த மெஷினும் காலி. விழுந்த அந்த நொடியில் ரேமில் என்னவெல்லாம் இருந்ததோ, அதை அப்படியே காப்பி எடுத்து வைக்கும் ஃபைல்தான் டம்ப். லினக்ஸ் சர்வர்களில் இந்த வேலையை 'கேடம்ப்' செய்கிறது. முன்பே ஒதுக்கி வைத்த மெமரியில் இன்னொரு கெர்னல் காத்திருக்கும். முதல் கெர்னல் விழுந்ததும் இது எழுந்து, இறந்ததன் மெமரியைப் படித்துச் சேமிக்கும்.

கேட்க ஈஸியாத்தான் இருக்கு. ஆனால் சிக்கலே இங்கேதான்.

8 ஜிபி ரேம் என்றால் 0 முதல் 8 வரை ஒரே நீளமாக இருக்கும்னுதானே நினைப்போம்? அப்படி இல்லை. 4 ஜிபி-க்குச் சற்றுக் கீழே உள்ள முகவரிகளை கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்றவை எடுத்துக்கொள்ளும். உதாரணத்துக்கு, ரேம் 0 முதல் 3 ஜிபி வரை இருக்கும். நடுவில் 1 ஜிபி ஓட்டை. மீதி 5 ஜிபி ரேம், 4-ல் தொடங்கி 9-ல் முடியும்.

டம்ப் ஃபைலில் அந்த ஓட்டையைச் சேமிக்கத் தேவையில்லை. எனவே 5 ஜிபி முகவரியில் இருந்த தகவல், ஃபைலில் 4 ஜிபி இடத்தில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக் கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்குமே, கிட்டத்தட்ட அதே கதை. எண்ணை மாற்றிப் பிடித்தால் வேறு யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவோம். இன்ஜினியரும் சம்பந்தமே இல்லாத தகவலைப் படித்துவிட்டு, தப்பே செய்யாத டிரைவர் மீது பழி போடுவார்.

இதைத் தவிர்க்கத்தான் டம்ப் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தத் துண்டு எந்த முகவரியில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விவரம் அதில் இருக்கும். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலுமே இந்த ஏற்பாடு உண்டு.

பட்டியல் தப்பானால்?

ஓட்டையை ரேம் என்று நினைத்துப் படிக்கப் போனால், அங்கே இருப்பது ஏதாவது ஒரு கருவியாக இருக்கலாம். அதைத் தொட்டதும் காப்பி எடுக்க வந்த இரண்டாவது கெர்னலே தொங்கிவிட வாய்ப்புண்டு. ஆக, டம்பும் கிடைக்காது, காரணமும் தெரியாது.

இன்னொரு தொல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேம் சேர்க்கப்படும் மெஷின்கள். பட்டியல் கேடம்ப் தயாரானபோது எழுதப்பட்டது. அதைப் புதுப்பிக்காவிட்டால், புதிதாக வந்த ரேம் டம்பிலேயே இருக்காது. பிழை அங்கேதான் ஒளிந்திருந்தால் அவ்வளவுதான். புதிய லினக்ஸ் கெர்னல்களில் இதைத் தானாகவே புதுப்பிக்கும் வசதி வந்திருக்கிறது. இருந்தாலும் அனுபவசாலிகள், சர்வரை வேலைக்கு விடும் முன் ஒருமுறை வேண்டுமென்றே க்ராஷ் செய்து, டம்ப் முழுசா வருதான்னு பார்த்துவிடுகிறார்கள்.