13 ரூபாய்க் காப்பகம்!

இரவு பதினோரு மணிக்குமேல் சென்னைப் பாரிமுனைப் பக்கம் சென்று பாருங்கள், தோழர்களே! சாத்திய கடைகளின் படிக்கட்டிலே படுத்திருப்பவன் யார்? சோம்பேறி என்பார் சிலர். பிச்சைக்காரன் என்பார் வேறு சிலர். இல்லை! பகலெல்லாம் அதே கடைகளுக்கு மூட்டை சுமந்தவன் அவன். மீன்பாடி வண்டி மிதித்தவன் அவன். பக்கத்திலே, தார்ப்பாய்க்கு அடியிலே, அவன் மனைவியும் மக்களும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீடற்றோர் இந்நாட்டில் 17 லட்சத்துக்கும் மேல் என்றது. (இருட்டிலே ஒதுங்கிக் கிடந்தவனை எண்ணினார்களோ, இல்லையோ!) 2010-லேயே உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது: பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். 2013-ல் மத்திய அரசு திட்டம் வகுத்தது. தலைக்கு 50 சதுர அடி இடம் என்றது. மகிழ்ந்தோம்.

நடத்துவதற்குப் பணம்? ஐம்பது பேர் தங்கும் காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அதுவும் ஐந்தாண்டுக்கு மட்டும்!

நாமும் கணக்குப் போடுவோம். இரவும் பகலும் கதவு திறந்திருக்க மூன்று ஷிப்டு; மூன்று ஆள். மாதம் பத்தாயிரம் என்று வைத்தாலும் (அது ஒரு கூலியா? காவல் நிற்பவனும் தொழிலாளிதானே!) ஆண்டுக்கு 3,60,000 தீர்ந்தது. மிச்சம் 2,40,000. தலைக்கு, நாளொன்றுக்கு 13 ரூபாய்! பாய், போர்வை, விளக்கு, தண்ணீர், கக்கூஸ் கழுவப் பினாயில், அத்தனையும் அந்த 13 ரூபாயிலே!

"காப்பகம் இருந்தும் இவர்கள் வர மறுக்கிறார்களே" என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்கிறார்கள். ஏன் மறுக்கிறான்? ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு வேறிடம் என்றால், மகளை எங்கே விடுவான்? வண்டியை எங்கே நிறுத்துவான்? விடியற்காலை நாலு மணிக்குச் சரக்கு லாரி வந்து நிற்கும். மூன்று மைல் தள்ளிப் படுத்தவனுக்கு அன்றைய கூலி போச்சு! சுமைக்காரன் வேலை செய்யும் இடத்திலேயே, குடும்பத்தோடு தங்கும்படி காப்பகம் வேண்டும். அதற்குச் செலவு கூடும். கூடட்டுமே! அவன் முதுகிலே ஏறி இறங்கிய சரக்குக்கு வரி வாங்கவில்லையா அரசு?

வரவு செலவுக் கூட்டம் வரும்போது, வார்டுதோறும் மாமன்ற உறுப்பினரிடம் செல்வோம். நம் வட்டத்துக் காப்பகம் எந்தத் தெருவில்? குடும்பத்துக்கு இடம் உண்டா? ஆறாவது ஆண்டின் பணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது? ஏட்டைத் திறந்து காட்டும் வரையில் கேட்போம்.