கல்வராயன் காட்டில் எதை எடுக்கலாம்?

கல்வராயன் மலையில் மரம் வெட்டாமல் பிழைக்க முடியுமான்னு கேட்டால், முடியும்னுதான் சொல்வேன். 2006 வன உரிமைச் சட்டப்படி கடுக்காய், தேன், மூங்கில் எல்லாம் உரிமை பெற்ற மலைவாழ் மக்களுக்கே சொந்தம். வெட்டுமரம் அதில் சேராது. மூங்கிலில் முற்றின கழியை மட்டும் எடுத்து இளசை விட்டால், கிழங்கு மறுபடி குருத்து விடும். கடுக்காய்க்காகக் கிளையை ஒடிக்கக் கூடாது; ஒடிச்சால் அடுத்த வருசக் காய்ப்பு போச்சு. நெல்லியையும் மொத்தமா உலுக்க வேண்டாம். கனியைத் தின்கிற மான்தான் கொட்டையைப் பரப்புது.

காய்க்கு நல்ல விலை கிடைக்காதபோதுதான் வெட்டுக்கூலிக்குப் போறாங்க. செம்மரம் வெட்ட வந்தவங்கன்னு சொல்லி, 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் தமிழ்நாட்டு மலைவாழ் மக்களும் உண்டு. கோமுகி அணைத் தண்ணியில் நெல் விளைவிக்கிற நாம, அந்தத் தண்ணி வர்ற மலையின் கடுக்காயை நேரா வாங்கலாமே. தை, மாசியில் காய் இறங்கும்.