தந்தியும் துக்கமும்

2013 ஜூலை 14-ந் தேதி இரவோடு நம் தேசத்தில் தந்திச் சேவை முடிவு பெற்றது. 1855-ல் பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட சேவை அது.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் வியாபாரிகளுக்குத் தந்தி என்றால் விலை நிலவரம். மற்றக் குடும்பங்களுக்கோ சாவுச் செய்தி. தந்திச் சேவகர் தெருமுனையில் தென்பட்டாலே பெண்கள் கலங்கிப் போவார்கள். வார்த்தைக்கு வார்த்தை காசு கேட்ட தந்தியிலே ஆறுதல் சொல்ல இடமேது? அதற்கு ஆளே போகவேண்டியிருந்தது. அடுத்த ரயிலுக்கு ஓடினோம்.

இன்று கைபேசி வந்திருக்கிறது. தோல் மாதிரியின் படம் ஒரு நிமிஷத்தில் அயல்நாட்டு வியாபாரியின் கையில் இருக்கிறது. வியாபாரத்துக்கு இது பெரும் நன்மைதான். ஆனால் வேலூரில் உறவினர் ஒருவர் காலமானார் என்று அதே கருவியில் செய்தி வந்தால், ஆம்பூரில் இருப்பவர்களில் பலர் கைகூப்பும் சித்திரம் ஒன்றை அனுப்பிவிட்டு, துக்கம் விசாரித்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். சுமார் ஐம்பது கிலோமீட்டர் பஸ் பிரயாணம் மிச்சம்!

விலை விசாரிக்கக் கருவி போதும். துக்கம் விசாரிக்க, பக்கத்தில் வந்து உட்கார ஒரு மனிதர் வேண்டும். கடல் கடந்திருப்பவர்கள் கைபேசியில் பேசட்டும். பஸ் எட்டுகிற தூரத்தில் இருக்கும் நாம் நேரிலேயே போய்வருவோமே!