மணல் மூடினால் அடுப்பு எரியாது!
பழவேற்காட்டு மீனவர்களின் வாழ்வும் முகத்துவாரமும்

பழவேற்காட்டு ஏரிக்கு ஒரு வாசல் உண்டு. அதற்குக் கதவு கிடையாது, பூட்டும் கிடையாது. ஆனாலும் அது சில மாதம் திறந்திருக்கும். சில மாதம் மூடிக்கொள்ளும்.

மூடிக்கொண்டால், ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் அடுப்பு எரிவதே கஷ்டம்!

ஏரியும் கடலும் சேரும் அந்த இடத்துக்குப் பெயர், முகத்துவாரம்.

இடுப்பளவு தண்ணீர்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, பழவேற்காடு. இங்குள்ள ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பரவிக் கிடக்கிறது. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. நீளம் சுமார் 60 கிலோ மீட்டர். ஆழமோ மிகக் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான்!

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, ராக்கெட் விடுகிற ஸ்ரீஅரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணி ஆறும், வடக்கே காளங்கி ஆறும் ஏரியில் வந்து விழுகின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். ஆறுகளில் வெள்ளம் புரளும். அந்த வெள்ளம் முகத்துவாரத்து மணலை அடித்துக்கொண்டு கடலுக்குப் பாயும். வாசல் திறந்துவிடும்!

கோடையில் ஆறு வற்றிவிடும். ஏரித் தண்ணீருக்கு மணலைத் தள்ளும் பலம் இராது. ஆனால் கடல் சும்மா இருக்குமா? கரையோரமாக மணலைத் தெற்கிலிருந்து வடக்கே அள்ளிக்கொண்டு வரும். அந்த மணல் முகத்துவாரத்தில் படிந்து மேடாகும். வாசல் அடைபடும்.

இறால் போகும் பாதை

முகத்துவாரம் படகுக்கு மட்டும் பாதை அல்ல. இறாலுக்கும் அதுவே பாதை.

இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் கடல் தண்ணீரோடு ஏரிக்குள் வந்து சேரும். அலை இல்லாத ஏரியில் இரை தின்று வளரும். வளர்ந்ததும் கடலைத் தேடித் திரும்பும். வாசல் அடைபட்டால் குஞ்சு வராது. குஞ்சு வராவிட்டால் வலையில் என்ன விழும்?

கடல் தண்ணீர் வராவிட்டால், வெயிலில் ஏரி வற்றி உப்பும் ஏறிவிடும். மடவை, கொடுவா, நண்டு எல்லாவற்றுக்கும் ஆபத்துதான்.

சீட்டுக் குலுக்கி மீன்பிடிப்பு

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் இறால் அதிகம் கிடைக்கும். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் சண்டை வராதா?

அதற்கு முன்னோர்கள் ஒரு வழி செய்து வைத்தார்கள். அதற்குப் பெயர் "பாடு". கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் வழக்கம் இது. யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். தன் முறை வராதவர் அங்கே வலை கட்டக் கூடாது. பணக்காரர், ஏழை என்ற பேதம் இதில் இல்லை!

பின்னால் நிற்பவரே 'பைலட்'

பெரிய துறைமுகங்களில், கப்பலுக்கு வழிகாட்ட 'பைலட்' என்ற அதிகாரி உண்டு. கொல்கத்தாவுக்குப் போகும் கப்பல்களை, ஹூக்ளி ஆற்றின் மணல் திட்டுகளுக்கு நடுவே அழைத்துச் செல்பவர் அவர்தான்.

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் அப்படி யாரும் இல்லை. படகின் பின்னால் நின்று எஞ்சினைப் பிடித்திருக்கும் மீனவரே பைலட்!

மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுப் போன வழி இன்று இராது. அலை உடைந்து நுரைத்தால் அங்கே மேடு. உடையாமல் உருண்டால் அங்கே ஆழம். பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் சில வரும். பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வுக்காகக் காத்திருக்க வேண்டும். ஓய்ந்ததும் படகின் முகத்தை அலைக்கு நேராக வைத்து விரைய வேண்டும். பக்கவாட்டில் அலை அடித்தால் படகு கவிழ்ந்துவிடும்.

இந்த நீர் விளையாட்டுக்கு உரியதல்ல என்பதற்கு ஒரு சோக சாட்சி உண்டு. 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்தது. குழந்தைகள் உள்பட 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுப் பயணத்துக்குத் தடை விதிக்கப்பட்டது.

டச்சுக் கப்பலும் தலைவணங்கியது

இந்த மணலுக்கு முன்னால் பெரிய கப்பல்களும் அடங்கித்தான் போயின.

1613-ம் ஆண்டு டச்சுக்காரர்கள் இங்கே 'கெல்ட்ரியா' என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். ஆனால் அவர்களுடைய கப்பல்கள் ஏரிக்குள் வர முடியவில்லை! கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. துணி மூட்டைகள் சிறு படகுகளில் போயின. அடிமைகளாக விற்கப்பட்ட ஏழை மக்களும் இந்தக் கரையிலிருந்துதான் கப்பல் ஏறினார்கள்.

கடலுக்குள்ளும் மணல் திட்டுகள் உண்டு. கப்பல்களை எச்சரிக்க 1859-ல் கலங்கரை விளக்கம் அமைந்தது. கோட்டை இடிந்துவிட்டது. டச்சுக்காரர்களின் கல்லறைகள் மட்டும் நிற்கின்றன.

கல் சுவர் காக்குமா?

வாசல் அடைபட்டால் மீனவர்கள் படகைச் சேற்றிலும் மணலிலும் தள்ளிக்கொண்டு போக நேரிடும். தாங்களே காசு சேர்த்து, மணலை வெட்டி வழி திறந்ததும் உண்டு. ஆனால் வெட்டிய மணலைக் கடல் மறுபடியும் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ஆகவே, முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு அமைக்க வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். அரசும் அதற்குத் திட்டம் வகுத்தது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கல் சுவர் மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தினால், வடக்கே உள்ள கரைக்கு மணல் போகாது. அங்கே கடல் கரையை அரிக்கத் தொடங்கும். ஒரு குப்பத்தின் வாசலைத் திறக்கும்போது, இன்னொரு குப்பத்தின் வீடு போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏரியில் கிடைக்கும் இடத்தைச் சீட்டுப் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொண்டவர்கள் இந்த மக்கள். கரையைக் காப்பதிலும் அதே நியாயம் வேண்டும். வாசல் திறந்திருக்கட்டும், எல்லாக் குப்பங்களிலும் அடுப்பு எரியட்டும்!