அன்றாட வாழ்வில் பௌத்தம்: அடி வாங்குவது கருமமா?

போயா தினங்களில் எந்த விகாரைக்குச் சென்றாலும் வெள்ளை உடுத்து சில் அனுஷ்டிப்போரில் பெரும்பாலானோர் பெண்களாகவே இருப்பதைக் காணலாம். பிக்குமாருக்கான தானத்தைச் சமைப்பவர்களும், விடியற்காலையில் பூப்பறித்து வீட்டுப் புத்தர் சிலைக்கு முன் விளக்கேற்றுபவர்களும் பெண்களே. எமது நாட்டில் பௌத்தம் அன்றாட வாழ்வாக நிலைத்திருப்பதில் பெண்களின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அந்தச் சமயம் ஒரு பெண்ணின் துன்பத்தில் அவளுக்குத் துணை நிற்கின்றதா, அல்லது அவளை வாய்மூடி இருக்கச் செய்கின்றதா என்பது நாம் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

மாத்தளை மாவட்டத்தில் தமிழ், சிங்களப் பெண்கள் இணைந்து இயங்கும் சங்கங்களில் பணியாற்றுவதால் இது பற்றிப் பலருடனும் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர்களுள் நாற்பத்தாறு வயதான ஓர் அக்காவின் அனுபவம் வாசகியர் அறிய வேண்டிய ஒன்று.

விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி, பஞ்சசீலம் சொல்லிவிட்டு அடுப்பை மூட்டுவது அவரது வழக்கம். போயா நாளில் எட்டுச் சீலங்களைக் காப்பார். நண்பகலுக்குப் பின் உணவில்லை, ஆடல் பாடலில்லை, வாசனைப் பூச்சில்லை. “வருசம் முழுக்க மற்றவர்களுக்காக ஓடுகிறேன் நங்கி. சில் எடுக்கும் நாள் மட்டும்தான் எனக்கென்று இருக்கும் நாள்” என்றார்.

அவருடைய கணவர் குடிப்பவர். போயாவன்று மதுபானக் கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார். சீலம் காத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் மனைவிக்கு அடி காத்திருக்கும். அயலவர்கள், உறவினர்கள், ஏன் பெற்ற தாய்கூடச் சொன்னது ஒரே சொல்தான்: “கருமே.” முற்பிறப்பில் செய்த வினை, அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. தமிழ்ப் பெண்களாகிய நாம் ‘தலைவிதி’ என்கிறோமே, அதே சொல்தான் இது.

போதனை சொல்வது என்ன?

பதினைந்து வருடங்கள் அப்படியே கழிந்தன. ஒரு போயா தினத் தர்ம உரையாடலில் வயது முதிர்ந்த பிக்கு ஒருவரிடம் இதைக் கேட்கும் துணிவு அக்காவுக்கு வந்தது. பிக்கு எடுத்துக்காட்டியது சங்யுத்த நிகாயத்தில் வரும் ஒரு சூத்திரத்தை. மனிதர் அனுபவிக்கும் துன்பமெல்லாம் முன்வினையால் வருவதா எனச் சீவகர் என்னும் துறவி புத்தரிடம் கேட்கின்றார். அப்படிக் கூறுவது தவறென மறுக்கும் புத்தர், துன்பத்திற்கு எட்டுக் காரணங்களைச் சொல்கின்றார். பித்தம், சிலேற்பனம், வாதம், இம்மூன்றும் கூடுதல், பருவ மாற்றம், கவனமின்மை, தாக்கப்படுதல், வினைப்பயன் என்பனவே அவை. ‘தாக்கப்படுதல்’ வேறாகவும் ‘வினைப்பயன்’ வேறாகவும் கூறப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

தீக நிகாயத்தின் சிகாலோவாத சூத்திரம் இல்லறத்தாருக்கான ஒழுக்கங்களைக் கூறுவது. மனைவியின் கடமைகளை மட்டுமே பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். கணவனுக்கும் அங்கே ஐந்து கடமைகள் உண்டு: மனைவியை மதித்தல், இழிவுபடுத்தாமை, துரோகம் செய்யாமை, வீட்டு நிர்வாகத்தை அவளிடம் ஒப்படைத்தல், அணிகலன் அளித்தல்.

மைத்திரி பாவனையும் பெண்கள் எதையும் தாங்கிக்கொள்வதற்கான பயிற்சி அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கம், அன்பை முதலில் தன் மீதே செலுத்தித் தொடங்குமாறு கூறுகின்றது. தியானம் செய்யும் பெண்ணும் அந்த அன்புக்கு உரியவளே.

சீலமும் சட்டமும்

அக்கா பொலிஸ் நிலையத்துக்குச் சென்றார். முதல் நாள் “சமாதானமாகப் போங்கள்” என்று திருப்பி அனுப்பினார்கள். சங்கப் பெண்கள் இருவருடன் மீண்டும் சென்றார். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் அவருக்குப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. இக்கட்டளை 12 மாதங்கள் வரை வழங்கப்படலாம். அதற்கு முன்னரே இடைக்காலக் கட்டளை பெறவும் வழியுண்டு. சட்டம் எல்லா இனத்தவருக்கும் மதத்தவருக்கும் பொதுவானது. உடல் ரீதியான வன்முறை மட்டுமன்றி, கடுமையான உளரீதியான வன்முறையும் அதில் அடங்கும்.

அதன் பின்னரும் அக்கா சில் எடுக்கிறார். மைத்திரி பாவனையில் கணவரையும் நினைக்கிறார். “அவர் மேல் எனக்குக் கோபமில்லை நங்கி. கோபமில்லை என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்கவேண்டுமா?” என்பது அவரது கேள்வி.

சமூகவியல் நோக்கில் பார்த்தால், ‘கருமம்’, ‘தலைவிதி’ போன்ற சொற்கள் அடிப்பவனின் பொறுப்பை மறைத்து, அடிபடுபவளின் கணக்கில் எழுதிவிடுகின்றன. எந்தச் சமயத்தவராயினும் பொறுமை ஒரு நற்பண்பே. ஆனால் அது ஒருவர் தாமாக மேற்கொள்ளும் ஒழுக்கம். மற்றவர் வற்புறுத்திச் சுமத்தும் சுமையன்று.

சகோதரிகளே, அயல் வீட்டுப் பெண் அழுதுகொண்டு உங்களிடம் வந்தால் தலைவிதி என்று கூறி அனுப்பிவிடாதீர்கள். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தை அவருக்குக் கொடுங்கள். முடிந்தால் பொலிஸ் நிலையம் வரை கூடச் செல்லுங்கள். தனியாகப் போகும் பெண்ணைத் திருப்பி அனுப்புவது போல், மூவராகப் போனால் அனுப்ப முடியாது.