உஷார்! தை மாசத்துக்குள் பால் காய்ச்ச வேண்டுமா? முதலில் சம்ப்பைப் பாருங்கள்

சென்னைப் புறநகரில் குமணன்சாவடி, கரையான்சாவடி, காட்டுப்பாக்கம் பக்கம் மழையோடு மழையாக வீடு கட்டிக்கொண்டிருக்கும் தம்பதிகளே, "சம்ப்புக்குள்ள பலகையைப் பிரிச்சிடலாம் சார், ரெண்டு பசங்களை இறக்கினா அரை மணி நேர வேலை" என்று உங்கள் மேஸ்திரி சொன்னாரா? தலையாட்டிவிடாதீர்கள். கட்டுகிற வீட்டில் சத்தமே இல்லாமல் ஆளைக் கொல்லும் இடம் மொட்டை மாடி அல்ல, வாசலுக்குப் பக்கத்தில் நீங்கள் தோண்டி மூடி வைத்திருக்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டிதான்.

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் அடைமழையில் போய்விடும். மார்கழியில் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. தையை விட்டால் மாசியும் பங்குனியும் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், பிறகு சித்திரைதான். அதுவரை வாடகை ஒரு பக்கம், வங்கி வட்டி ஒரு பக்கம். ஆகவே மழையில் போன இரண்டு மாச வேலையையும் மார்கழிக்குள் திணிக்கிறோம். தம்பதியில் ஒருவர் ஆபீஸில் இருந்து போனில் விரட்டுவார், இன்னொருவர் குடையும் கையுமாக சைட்டில் நின்று விரட்டுவார். மேஸ்திரிக்கு இதே போல இன்னும் சில வீடுகள், எல்லோருக்கும் தையில்தான் முகூர்த்தம். காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையும் ஜாக்கியும் நாள் வாடகையில் ஓடுகின்றன. உங்கள் வீட்டுப் பலகை எப்போது கழலும் என்று அடுத்த வீட்டுக்காரர் காத்திருக்கிறார்.

இனி அந்தச் சம்ப். மேலே காங்கிரீட் மூடி போட்டாயிற்று. உள்ளே போக இரண்டடிக்கு இரண்டடி ஓட்டை, அதன் மேலும் ஒரு பலகை. மூன்று வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடியில் முழங்கால் அளவு தண்ணீர், காங்கிரீட் பலம் பிடிக்க கியூரிங்குக்கு ஊற்றியது பாதி, மழையில் இறங்கியது பாதி. முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்புகள் அந்தத் தண்ணீரில் ஊறிப் பட்டை கழன்று வழவழவென்று நிற்கும். பிளைவுட் உப்பியிருக்கும். இந்த மரம் அழுகும்போது கிருமிகள் தொட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். அது 19.5-க்குக் கீழே போனாலே ஆள் இறங்கக்கூடாத இடம் என்பது தொழிற்பாதுகாப்புக் கணக்கு. 10-க்குக் கீழே போனால் இறங்கியவர் "மூச்சு முட்டுது" என்று சொல்லக்கூட நேரம் இருக்காது, அப்படியே மடங்கி விழுவார். வாடை அடித்தால்தானே விஷவாயு என்று நினைக்கிறோம். ஆக்சிஜன் இல்லாத காற்றுக்கு வாடையே கிடையாது.

இதைவிடப் பயங்கரம் அடுத்த நிமிஷம். தம்பி விழுந்துவிட்டானே என்று அண்ணன் குதிக்கிறார். அவரும் எழவில்லை என்று மூன்றாவது ஆள். தமிழ்நாட்டில் சம்ப்பிலும் செப்டிக் டேங்கிலும் நடந்த சாவுச் செய்திகளைப் படித்தவர்களுக்கு இந்த வரிசை தெரியும். பல சம்பவங்கள் ஒருவரோடு நிற்பதில்லை, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போகிறார். சில இடங்களில் அந்தக் காப்பாற்றப் போனவர் வீட்டுக்காரரே.

மெழுகுவத்தியோ அரிக்கேன் விளக்கோ இறக்கிப் பார்த்தால் போதாதா என்பார்கள். போதாது. சுடர் எரிந்தால் உள்ளே விஷவாயு இல்லை என்று அர்த்தமல்ல. எரியக்கூடிய வாயு தேங்கியிருந்தால் அந்தச் சுடரே எமன். தண்ணீரை இறைக்கிறேன் என்று டீசல் மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்குவது அதைவிட மோசம், அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஒன்றே போதும். மூடியை முழுசாகத் திறந்துவைத்து, மேலே நின்றபடியே தண்ணீரை இறைத்து, ஊதுகாற்று மோட்டாரின் குழாயை அடித்தளம் வரை விட்டு நெடுநேரம் ஓட்ட வேண்டும். வாயு அளக்கும் கருவியை இறக்கிப் பார்த்த பிறகே ஆள் இறங்கலாம். அதுவும் இடுப்பில் வெறும் கயிறாக இல்லாமல் தோளோடு சேர்த்த பெல்ட்டில், கயிற்றின் மறுமுனையைப் பிடித்து மேலே ஆள் நிற்க, ஆள் இருக்கும்வரை காற்றும் ஓட. கருவி இல்லாத மேஸ்திரியிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இன்னும் மூடி போடாதவர்களுக்கு என் யோசனை வேறு: சம்ப்புக்குச் சென்ட்ரிங்கே வேண்டாம். தரையிலேயே வார்த்துக் காயவைத்த சிலாப்புகளைத் தூக்கி வைத்து மூடுங்கள். உள்ளே பிரிக்கப் பலகையே இருக்காது.

வீட்டு மாடித் தளத்துக்கும் இதே அவசரம்தான் எதிரி. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, சாதா சிமெண்டில் போட்ட தளத்துக்கு 4.5 மீட்டர் அகலம் வரை 7 நாளும் அதற்கு மேல் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது. பீமுக்கு 14 நாள், 6 மீட்டரைத் தாண்டினால் 21. நம் சைட்டுகளுக்கு அதிகம் வருவது பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமெண்ட் மூட்டை, அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், ஆகவே இதற்கும் மேல் எத்தனை நாள் என்று இன்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள். இந்தக் கணக்கு 15 டிகிரிக்குக் குறையாத வெப்பத்துக்கு. சென்னை மார்கழி இரவு பொதுவாக 20 டிகிரியை ஒட்டி நிற்பதால் குளிரைப் பற்றி நாம் பயப்பட வேண்டாம், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கட்டுபவர்கள் பயப்படலாம். நம் ஊரில் குளிர் வேறு விதமாக ஏமாற்றும். "பனி கொட்டுதே, எதுக்கும்மா தண்ணி?" என்று கியூரிங்கை நிறுத்திவிடுவார்கள். பனி தளத்தின் மேல்தோலை நனைக்கும், பத்து மணி வெயிலும் வாடைக்காற்றும் அதை உறிஞ்சிவிடும். பி.பி.சி. என்றால் குறைந்தது 10 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள்.

முட்டுக்கம்பு எதன் மேல் நிற்கிறது என்றும் குனிந்து பாருங்கள். பழைய வயல் மண்ணாக இருந்தால் ஒரு ராத்திரி மழையில் களி ஆகிவிடும். கம்பின் அடியில் அகலமான பலகை இல்லையென்றால், காங்கிரீட் கொட்டும்போதே கம்பு இறங்கும், தளம் தொங்கும், மேலே நிற்கும் ஆட்களோடு.

போரூர் அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் தேதி மாலை மழையில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். இடி விழுந்ததால் வந்தது என்று முதலில் ஒரு பேச்சு கிளம்பியது. விசாரணை கட்டுமானக் குறைபாட்டைத்தான் சுட்டியது. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-இல் வெடி வைத்துத் தகர்த்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். நம்முடையது தரைத்தளமும் ஒரு மாடியும்தானே என்று மண் பரிசோதனைக் காசை மிச்சம் பிடிப்பவர்கள் மௌலிவாக்கத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். தண்ணீர் நிற்கும் அஸ்திவாரக் குழியில் மோட்டார் ஓடும்போது யாரும் கால் வைக்கக்கூடாது, மெயினை அணைத்த பிறகுதான். தற்காலிக மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியருக்கே விழும் கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். திறந்த குழியைச் சுற்றித் தகரம் அடியுங்கள், தெருப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் நிறைந்த குழியின் ஆழம் தெரியாது.

இதையெல்லாம் மீறி யாராவது சம்ப்பில் விழுந்துவிட்டால், யாரையும் உள்ளே விடாதீர்கள், அழுதாலும் பிடித்து நிறுத்துங்கள். 112-க்கோ 101-க்கோ போன் செய்து "சம்ப்புக்குள் மயக்கம், மூச்சுக் கருவியோடு வாருங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். விழுந்தவர் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள். ஊதுகாற்று இருந்தால் குழாயை உடனே உள்ளே விடுங்கள். தெருமுனையில் ஒருவரை நிறுத்தி வையுங்கள், நெரிசலான நம் பகுதியில் தீயணைப்பு வண்டி சந்து தேடி நிற்கக்கூடாது.