டவாலி குரலுக்குப் பின்னால்...

எழும்பூர் கோர்ட்டில் ஏதாவது ஒரு ஹாலுக்குள் காலை பத்தரை மணிக்கு நுழைந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அப்பப்பா, என்ன வேகம்! டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆள் கூண்டுக்கு வந்து சேர்வதற்குள் பெஞ்ச் கிளார்க் வழக்குக் கட்டைப் பிரித்துவிடுகிறார். ‘வாய்தா’ என்ற ஒரே சொல்லில் வழக்கு அடுத்த மாதத்துக்குப் போய்விடுகிறது. அதே பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டுமாக நோட்டில் கிறுக்கித் தள்ளுகிறார்களே நாலைந்து பேர், அவர்களைத்தான் பின்தொடரப் போகிறோம். சட்டக் கல்லூரி மாணவர்கள்!

ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு விசாரணைகளை நேரில் பார்த்துப் பதிவேடு எழுத வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 2008 விதி. மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப்பும் உண்டு. “போலீஸ்ல நான் அப்படிச் சொல்லவே இல்லைங்கய்யா” என்று சாட்சி பல்டி அடிக்கும்போது அந்த மாணவர்களின் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டுமே! பிறழ் சாட்சி என்றால் என்னவென்று இனி யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இது முன்கட்டுதான். உள்கட்டு சிறையில் இருக்கிறது.

சிறைகளில் இயங்கும் சட்ட உதவி மையங்களில் பி.எல்.வி.யாக, அதாவது பாரா லீகல் வாலன்டியராக, சட்ட மாணவர்கள் சேரலாம். வேறு யார் சேரலாம் தெரியுமா? நீண்ட தண்டனை அனுபவிக்கும், படித்த, நன்னடத்தை உள்ள கைதிகள்! கைதியும் மாணவரும் ஒரே மேஜையில் மனு எழுதலாம் என்று ஒரு திட்டம் இருப்பதே எனக்குப் பேரானந்தம்.

“எந்த ஸ்டேஷன்ண்ணே? ரிமாண்ட் தேதி ஞாபகம் இருக்கா? வேற கேஸ் ஏதாவது நடக்குதா?” என்று கைதியிடம் கேட்கிறார் மாணவர். பலருக்குத் தங்கள் குற்ற எண்ணே தெரியாது. வாரண்டிலிருந்து தேதியை எடுத்ததும் தொடங்குகிறது பாருங்கள், கணக்கு!

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 479-ஆம் பிரிவின்படி, இதற்கு முன் தண்டனையே பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். வீட்டுக்குள் திருடியதாக வழக்கா? அதிகபட்சம் 7 ஆண்டு, 84 மாதம். மூன்றால் வகுத்தால் 28. அவ்வளவுதான், முன் தண்டனை இல்லாதவருக்கு இருபத்தெட்டு மாதம் முடிந்ததும் கதவு திறக்க வேண்டும்! மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது; அதனால்தான் அந்தக் கேள்வி.

இன்னொரு கணக்கு இதைவிடப் பரபரப்பு. 60 நாளுக்குள், கடுமையான குற்றமென்றால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. நாள் கடந்ததும் மனு போடாமல் அசந்திருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போயிற்று! 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அத்தனை பேருக்கும் இப்படித் தேதி பார்க்க ஆள் வேண்டாமா?

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களும் உண்டு. ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும், ஆணைக்குழு ஒரு பி.எல்.வி.யை அனுப்பிப் பேச வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவு ஒன்று இருபது வயதுப் பிள்ளையின் கையில் வேலையாக வந்து சேருகிறது, நினைத்துப் பாருங்கள்!

மாணவர்கள் வாதாட முடியாது. விவரத்தைத் திரட்டிச் சட்ட உதவிப் பேனல் வக்கீலிடம் கொடுக்க வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆண்டுக்கொரு முறை கூட்டமாகப் போய் பேனர் கட்டிப் படம் எடுத்துத் திரும்பும் கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை: அதில் கைதிக்கும் பயனில்லை, மாணவருக்கும் படிப்பில்லை. வாரந்தோறும் அனுப்புங்கள்.

சட்ட மாணவர்களே, உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் பி.எல்.வி. விண்ணப்பம் கேளுங்கள். சொந்தக்காரர் யாராவது வக்கீல் இல்லாமல் உள்ளே இருந்தால் 15100-ஐ அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வக்கீல் இலவசம்.